சங்கத்துப் பேனாவுக்கு நாலு கால்

செங்குளம் மரக் கடைசல் தொழிலாளர் சங்கத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை வரிசை மாறாமல்தான் சொல்ல வேண்டும். மாறினால் சங்கத் தலைவர் ஞானதிரவியம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

முதல் கொடுமை: பட்டறைக் கூரை ஒழுகியது. முறையிட்டதற்கு முதலாளி பட்டாபி, மரமே மழையில் வளர்ந்ததுதானே, நனைந்தால் என்ன என்று கேட்டார். இரண்டாவது கொடுமை: மறுபடி முறையிட்டபோது ஒரு குடை வாங்கித் தந்தார். அதுவும் கடைசல் இயந்திரத்துக்கு. மூன்றாவதுதான் பெரிய கொடுமை. வேலைநிறுத்தம் செய்து, தலைவர் கேட்ட வீரமான கடைசி ஷரத்தும் சேர்ந்து புதுக் கூரைக்கு ஒப்பந்தம் தயாராகி, பட்டாபி கையெழுத்தும் போட்டுவிட்டார். தலைவரிடம் பேனா இல்லை. பட்டாபி தன் பேனாவை நீட்டினார், மூடியை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மூடி எதுக்கு உங்க கையில?" என்றார் ஞானதிரவியம்.

"பேனா திரும்பி வரணும்லா?"

ஞானதிரவியம் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். இனி கையெழுத்து என்றால் தொழிலாளி கடைந்த பேனாவில்தான், இல்லாவிட்டால் நனைந்தே சாவோம் என்று வாசலில் நின்று அறிவித்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்றார் தொழிலாளர் துறை அதிகாரி. ஐப்பசி மேகம் பட்டறைக்கு நேர் மேலே வந்து நின்றது.

சங்கத்தில் தலைவரைத் தவிர சொரிமுத்து, உச்சிமாகாளி, பேச்சிமுத்து என்று மூன்று பேர். நால்வரும் ஆயுசு முழுக்கக் கட்டில் கால் மட்டுமே கடைந்தவர்கள். பேனா கடைகிற வெளியூர்த் தோழர் ஒருவரைப் பேருந்து நிலையத்தில் பிடித்து யோசனை கேட்டார்கள். வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நல்ல மரத்தை வீணாக்காதீர்கள், கழிவுக் கட்டை போதும் என்றார். நடுவில் நேராகத் துளை போட்டு மையை இறக்குங்கள் என்றார். வண்டி திரும்பும்போது, "புதுப் பேனா முரண்டு பிடிக்கும். சுலபமான பேரா எழுதி எழுதிப் பழக்குங்க" என்று கத்திவிட்டுப் போனார்.

பட்டறையில் கழிவுக் கட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் செல்லையாவின் டீக்கடை அடுப்புக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது நல்ல தேக்கு. சங்கம் கூடியது.

"தூக்கி எறிஞ்சாத்தான் தோழர் அது கழிவு" என்றார் சொரிமுத்து. "எறியாத வரைக்கும் நல்ல மரம்தான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தேக்கைச் சுவருக்கு அப்பால் வீசினார்கள். பிறகு அதைப் பொறுக்கிவர நால்வரும் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். போய்ச் சேர்வதற்குள் தேக்கு செல்லையாவின் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. அது உண்மையான கழிவுதான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நால்வரும் திருப்தியோடு டீ குடித்தார்கள்.

அடுத்து பழப்பெட்டியின் மாம்பலகை. அதில் ஆணி இருந்தது. உளி ஆணியில் பட்டுத் தெறித்து, இயந்திரத்தின் குடையைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது கொடுமைக்குச் சாட்சி போய்விட்டதே என்று தலைவர் வெகுநேரம் வருந்தினார்.

கடைசியில் மூலையில் கிடந்த நாலு வேங்கைக் கால்கள் கண்ணில் பட்டன. கட்டில் ஆடுகிறது என்று யாரோ திருப்பிக் கொடுத்தவை. இதைவிடச் சுத்தமான கழிவு கிடைக்காது. அதைச் சின்னதாக்க வேண்டுமா என்று விவாதம் வந்தது.

"நீளத்தைப் பத்தி அந்தத் தோழர் ஒண்ணும் சொல்லலியே" என்றார் உச்சிமாகாளி.

"சொல்லாததைக் குறைக்க நமக்கு என்ன அதிகாரம்?" என்றார் தலைவர்.

ஒன்று போதுமா என்று அடுத்த கேள்வி. ஒற்றைக் காலில் எது நிற்கும் என்றார் பேச்சிமுத்து. நாலையும் துளைத்து, மையை ஊற்றி, அடியில் பஞ்சை அடைத்தார்கள். ஆடாமல் இருக்கச் சட்டம் பூட்டி, மேலே பலகையும் போட்டார்கள். சங்கத்துப் பேனா தயார்.

பழக்குவது பாக்கி. பட்டறைச் சிமெண்டுத் தரையில், கையெழுத்துப் போடுகிறவர் என்ற முறையில் தலைவர் பேனாமேல் உட்கார, மூன்று பேரும் தள்ளினார்கள். ஞானதிரவியத்தின் முதல் எழுத்தை வளைக்கும்போதே பேனா சாய்ந்து தலைவர் மரத்தூளில் விழுந்தார். மறுபடி ஏற்றினார்கள், மறுபடி விழுந்தார்.

"உங்க வீட்டுல கொஞ்சம் நேரான பேரா வச்சிருக்கலாம், தோழர்" என்றார் சொரிமுத்து.

சுலபமான பெயர் என்றுதானே அந்தத் தோழரும் சொன்னார். கட்டிலுக்குச் சுலபம் எது? நேரே இறங்கி, பக்கவாட்டில் போய், நேரே ஏறுவது. சுவரில் இருந்த பெயர்ப்பலகையில் அப்படி ஒரு பெயர் இருந்தது. அதைப் பொழுது சாயும்வரை எழுதிப் பழக்கினார்கள். தலைவர் ஒருமுறைகூட விழவில்லை.

வெள்ளிக்கிழமை பேனா அலுவலகக் கதவுக்குள் நுழையாததால், ஒப்பந்தம் வராந்தாவுக்கு வந்தது. சாட்சிக்குச் செல்லையாவும் மாவு மில்காரரும் நின்றார்கள்.

"இதுக்கு மூடி எங்கே ஓய்?" என்றார் பட்டாபி.

"வைக்கலை. வச்சா யாராவது பிடிச்சுக்கிடுவாங்க" என்றார் ஞானதிரவியம். அந்த ஒரு பதிலுக்காகவே அவர் ராத்திரி தூங்கவில்லை.

அதிகாரி நாலு நகல் வேண்டும் என்றார். சங்கம் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டது. காலுக்கு ஒரு நகல் வைத்தார்கள். தலைவர் ஏறி உட்கார்ந்து, நிமிர்ந்து, மேகத்தைப் பார்த்தார். தள்ளினார்கள். பேனா நேரே இறங்கி, பக்கவாட்டில் போய், நேரே ஏறியது. எவ்வளவு சொகுசான கையெழுத்து என்று அவர் கண் கலங்கினார். அதிகாரி மை காயுமுன் நாலிலும் முத்திரை குத்தினார். அப்புறம்தான் படித்தார்.

"பட்டாபி சார், இது..." என்று இழுத்தார்.

"முத்திரை குத்தியாச்சு. சாட்சிகளுக்கு வாசிச்சுக் காட்டணும், அதுதான் முறை" என்றார் ஞானதிரவியம், இறங்காமலே. "நான் சேர்க்கச் சொன்ன கடைசி ஷரத்தையும் சேர்த்துச் சத்தமா வாசிங்க."

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புதுக் கூரை போட்டு முடிக்கும்வரை, தொழிலாளர் தரப்பில் கையெழுத்திட்டவர், முதலாளியின் வீட்டு வாசலில், செங்கொடி பிடித்து, சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அவர் பெயர்..."

காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"பட்டாபி."