செங்கோடன் வீட்டை இழுத்த வண்டி

வெள்ளக்கல்மேட்டுக்காரர்களிடம் இருக்கும் கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். அந்த ஊரிலேயே விவரமானவர் என்று பெயரெடுத்தவர் செங்கோடன். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால், போய் முழுக்க நனைந்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார்.

கல்யாணமான அன்று அவர் பாவாயிக்குக் கடலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. பாவாயிக்குச் சொந்த வீட்டைத் தவிர வேறெங்கே படுத்தாலும் தூக்கம் வராது. கடலோ போன அன்றே திரும்புகிற தூரத்தில் இல்லை. இப்படியே இழுத்துக்கொண்டு போனதில் அவள் பொறுமை தீர்ந்துவிட்டது.

"ஏனுங்க, வர்ற அமாவாசைக்குள்ள கடலக் காட்டுனாச் சரி. இல்லீன்னா என்ற தம்பி நாச்சிமுத்து கூட்டிட்டுப் போறேங்கறான். தூங்காமயாச்சும் போய்ப் பாத்துட்டு வந்தர்றேன்."

செங்கோடன் காலண்டரை எடுத்து அமாவாசைக்கு நாள் எண்ணினார். "இந்த மச்சான் பேச்சை நம்பாதே அக்கா" என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்னவன் அந்த நாச்சிமுத்து. அவன் கடலைக் காட்டிவிட்டால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊரில் நடமாடுவது?

யோசித்து யோசித்து, டவுனில் ஒரு பட்டறைக்குப் போய்ச் சக்கரம் வைத்த வீடு ஒன்றை வாங்கினார். கட்டில் இரண்டு, அடுப்பு ஒன்று, ஜன்னல் ஒன்று. பட்டறைக்காரர்களே கொண்டுவந்து வாசலில் விட்டுப் போனார்கள். பாவாயி அதில் படுத்துப் பார்த்தாள். சொந்த வீடுதானே, நன்றாகத் தூங்கினாள். இழுப்பதற்குத்தான் வண்டி இல்லை.

பட்டறை மேஸ்திரி போகும்போது இரண்டே விஷயம் சொல்லியிருந்தார். "குடும்பத்தோட ஏறி எடை போட்டுப் பாருங்க, அதைவிடக் கனமான வண்டியாப் பாத்து மாட்டுங்க. ஓடறப்ப உள்ள யாரும் எந்திரிச்சு நடமாடாதீங்க."

மறுநாள் காலை ஊரே கூடி, வீட்டைக் கையாலேயே தள்ளிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த ரைஸ் மில் எடைமேடைக்குப் போனது. வழியெல்லாம் இந்த வீட்டை எதைக் கொண்டு நகர்த்துவது என்றுதான் பேச்சு.

"குடும்பத்தோடன்னுதான சொன்னாரு? பங்காளிய உட்டுட்டு என்ன குடும்பம்?" என்றார் குப்பணன். செங்கோடனுக்குப் பெரியப்பா மகன். அது நியாயமாகப் பட்டது. பங்காளிகள் முப்பத்தேழு பேரும் ஏறினார்கள். உள்ளே இடமில்லாதவர்கள் கூரைமேல் உட்கார்ந்தார்கள். மூன்றேகால் டன் காட்டியது.

"என்ற மொபெட்டுல மாட்டிக்கலாமுங்க" என்று ராக்கியண்ணன் முன்வந்தார்.

"மொபெட்டு அத்தன கனமில்லையே?"

"கல்ல ஏத்துனா ஆயிட்டுப் போகுது!"

ஆறாவது கல்லை வைத்ததும் மொபெட் படுத்துக்கொண்டது. ராக்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"படுத்துட்டா எடை கொறைஞ்சா போயிரும்? இன்னும் ஏத்துங்க" என்றார் குப்பணன்.

"படுத்துக்கிட்டே கடல் வரைக்கும் போக முடியாது" என்றார் செங்கோடன். இதற்குத்தான் அவரை விவரமானவர் என்பது.

அடுத்து வாத்தியாரின் கார். ஒரு டன்கூட இல்லை. "வீட்டுல இருக்கற ஆளுகளக் காருக்குள்ள ஏத்துங்க. வீடு எடை கொறையும், காரு எடை கூடும்" என்றார் குப்பணன். அவர் மூளையைப் பார்த்து எல்லாரும் மலைத்துப்போனார்கள். பதினாறு பேரைத் திணித்தபிறகுதான், ஓட்டுகிற வாத்தியார் வெளியே நிற்பது தெரிந்தது. அவரை உள்ளே விட ஒருவர் இறங்க வேண்டும். இறங்கினால் எடை குறைந்துவிடும். பொழுது இறங்கும்வரை வாதம் நடந்தது. யாரும் இறங்கவில்லை.

அமாவாசைக்கு ஒரு நாள்தான் பாக்கி. செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் ஏரிக்கரைப் பக்கமிருந்து தடதடவென்று சத்தம் கேட்டது. ரோடு போடுகிற ரோலர்! ஓட்டுகிற அத்தப்பனும் உள்ளூர்க்காரன்தான்.

"அத்தப்பா, இது எத்தன டன்னு?"

"எட்டு டன்னுங்க."

"இந்த ரோடு கடலுக்குப் போகுமா?"

"போற ரோடுதானுங்க."

"அப்ப நாளைக்கு இந்த வீட்டப் பின்னால மாட்டிக்க."

"மாட்டிக்குங்க. ஆனா ரோலர நிறுத்தக் கூடாதுன்னு காண்ட்ராக்டர் சொல்லியிருக்காரு. ஏரிக்கரையப் பன்னெண்டு தரம் உருட்டோணும்."

நிற்காமல் போகிற வண்டி யாருக்குக் கிடைக்கும்! அமாவாசையன்று விடிந்ததும் பங்காளிகள் அழுதுகொண்டே வழியனுப்பினார்கள். ரோலர் கிளம்பியது. மேஸ்திரி சொன்னபடி செங்கோடனும் பாவாயியும் அசையாமல் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் நிறையத் தண்ணீர் தெரிந்தது. தங்கள் ஏரியை அவர்கள் கரையில் நின்று பார்த்ததுண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்ததில்லை.

"கடலுங்க!" என்று கத்தினாள் பாவாயி. பத்தொன்பது வருஷத்து ஆசை, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. செங்கோடனும் அழுதுவிட்டார்.

ரோலர் கரையின் கோடிவரை போய், அப்படியே பின்னால் வந்தது. மறுபடியும் தண்ணீர்.

"இது ரெண்டாவது கடலாட்ட இருக்குது" என்றார் செங்கோடன்.

"ஏனுங்க, இங்கயும் ஒருத்தரு மொபெட்டக் கழுவிக்கிட்டு இருக்காரு. நம்ம ராக்கியண்ணன் சாடையே!"

"கடலோரத்து ஆளுக எல்லாம் ஒரே சாடையாத்தான் இருப்பாங்களாம்."

நாலாவது கடலில் அத்தப்பன் டீ குடிக்கப் போனான், எஞ்சினை மட்டும் நிறுத்தாமல் ஓடவிட்டு. பாவாயி உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக எட்டிச் சொம்பில் ஒரு வாய் மொண்டு குடித்துப் பார்த்தாள். உப்பில்லை. அதனாலென்ன, கல்லுப்பு டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டாள். வெளியூரென்றால் இப்படிக் கொஞ்சம் அனுசரித்துத்தான் போகவேண்டும்.

பொழுது சாய்கையில், பன்னிரண்டாவது கடலோரம் நாச்சிமுத்து சைக்கிளில் வந்தான். அக்காவைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தான்.

"அட சாமி! இத்தன தூரம் சைக்கிளு மிதிச்சா வந்தே?" என்று பதறினாள் பாவாயி. "வந்து பாரு, உங்க மச்சான் பன்னெண்டு கடலக் காட்டிட்டாரு!"

நாச்சிமுத்து தண்ணீரைப் பார்த்தான். ரோலரைப் பார்த்தான். சைக்கிளை விட்டு இறங்கிச் செங்கோடனைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சுக்குங்க மச்சான். எனக்குத் தெரிஞ்சது ஒரே கடலுதானுங்க."

செங்கோடன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். எதிரே நூறடியில் அவருடைய வீட்டு வாசல் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே பெருமூச்சு விட்டார்.

"சைக்கிளத் தூக்கி உள்ள போடு மாப்ள. போறப்பவும் பன்னெண்டு கடலத் தாண்டோணுமல்ல? இப்பக் கெளம்புனாத்தான் நாளைக்காச்சும் ஊரு போய்ச் சேரலாம்."