எஸ்தரின் எண்ணிக்கை

அல்போன்சா பெண்கள் வார்டில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். எப்பேர்ப்பட்ட கனத்த நோயாளியையும் ஒற்றை ஆளாகத் தூக்கி உட்கார வைத்துவிடுவாள் என்று அவளுக்குப் பேர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன மாதம் மாடிப்படி இறங்கும்போது இடது கால் மரத்துப்போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அதற்குப் பிறகுதான் பிசியோதெரபி அறைக்குப் போனாள்.

அங்கே இருந்த தில்ஷாத் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆனாலும் அல்போன்சா மரியாதையாகப் பாடம் கேட்டாள். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்வது, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குவது, நோயாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பது, எல்லாம் இரண்டு வாரத்தில் கைவந்துவிட்டது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ‘மூணு’ எண்ணியதும் சேர்ந்து தூக்க வேண்டும் என்பது மட்டும் மனசில் ஏறவில்லை.

“தனியாத் தூக்காதீங்கன்னு சொல்றீங்க. கூட ஆள் வர்றதுக்குக் கால் மணி நேரமாகும். அதுவரைக்கும் நோயாளி அப்படியே கிடக்கணுமா மேடம்?”

தில்ஷாத் கடிகாரத்தைப் பார்த்தாள். மதியம் இரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது.

“வாங்க சிஸ்டர்.”

மூன்றாம் மாடியின் கடைசி அறையில் எஸ்தர் என்கிற வயதான பெண் படுத்திருந்தாள். பக்கவாதத்தில் பேச்சு போய் நாற்பது நாளாகிறது.

“கட்டிலை ஒட்டி நில்லுங்க. எதுவும் பேசாதீங்க.” தில்ஷாத் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அறையில் காற்றே இல்லாதது போலிருந்தது.

சரியாக இரண்டு மணிக்கு எஸ்தரின் கண்கள் திறந்தன. அவை யாரையும் பார்க்கவில்லை. வலது கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. எதையோ துழாவி, அருகே குனிந்து பார்த்த அல்போன்சாவின் அக்குளுக்கடியில் நுழைந்து இறுகிக்கொண்டது.

அல்போன்சாவுக்கு அந்தப் பிடி தெரியும். தினமும் அவள் நோயாளிகளைப் பிடிக்கிற பிடி. விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

“ஒண்ணு” என்றாள் எஸ்தர். குரல் துலக்கமாக இருந்தது. “ரெண்டு.”

அதோடு நின்றுவிட்டது. தலை மட்டும் மெல்லத் திரும்பி, கட்டிலின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கை தளர்ந்து விழுந்தது.

இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

“யார் மேடம் இவங்க?”

“உங்களுக்கு முன்னாடி உங்க வார்டுல நர்ஸா இருந்தவங்க. ஒருநாள் ரெண்டு மணிக்கு, கூட ஆள் வரலைன்னு ஒரு அம்மாவைத் தனியாத் தூக்கினாங்க. பாதியில இடுப்பு வெட்டிக்கிச்சு. கை விட்டுப்போச்சு.”

“அந்த அம்மா?”

“தலை தரையில மோதிச்சு. பிழைக்கலை.”

அல்போன்சா அக்குளைத் தடவிக்கொண்டாள். இன்னும் வலித்தது.

“மூணு ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க?”

“அதுக்கு எதிர்ப்பக்கம் ஆள் நிக்கணும் சிஸ்டர். தினமும் பார்க்கறாங்க. இன்னும் யாரும் வரலை.”