குழி இல்லாத இடம்

ஈக்களை ஆராய்கிறவர்களுக்கு முடிதான் உயிர். முதுகில் எத்தனை முடி, எந்த இடத்தில் என்று பார்த்துத்தான் இனத்தைப் பிரிப்பார்கள்.

ஆறுச்சாமி கோவையில் விலங்கியல் ஆசிரியர். ஐம்பதை நெருங்கும்போது முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். வழிகாட்டி தமயந்தி அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

ஆறுச்சாமி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஓடைப் பாறைகளில் வாழும் அரிசியளவு ஈக்கள். சின்னப் பேரினம், மொத்தமே மூன்று இனங்கள். மூன்றுக்கும் இறக்கையில் புகைநிறப் பட்டை, முதுகின் கடைசியில் இரண்டு ஜோடி நீள முடி.

வால்பாறை ஓடையில் அவர் பிடித்து வந்த ஐந்து ஈக்களுக்கும் பட்டை இருந்தது. முடி மட்டும் ஒரே ஜோடி.

"நாலாவது இனமுங்க மேடம்!" என்று குதித்தார் மனிதர்.

அன்று ஆய்வகத்துக்கு வந்திருந்த நிபுணர் வித்யாதரன் பார்த்தார். "அஞ்சையும் எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"ஒரே குழாயில போட்டு, பஸ்ஸுலதானுங்க."

"அந்த மலைப்பாதையில குலுங்கின குலுக்கல்ல முடி உதிர்ந்துடுச்சு. பழைய இனம்தான். அதையும் கெடுத்து வெச்சிருக்கீங்க."

ஆய்வகமே சிரித்தது. மூன்று வருட உழைப்பு ஒரு பஸ் பயணத்தில் போயிற்று. ஆறுச்சாமிக்கு அழுகை முட்டியது. ஒரே குழாயில் போட்டது அவர்தானே.

எல்லோரும் டீ குடிக்கப் போனதும் தமயந்தியிடம் வந்தார். "உதிர்ந்துதா இல்லையான்னு இனி எப்படிங்க மேடம் தெரியும்?"

தமயந்தி மூக்குத்தியைத் திருகிக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என் மூக்கைப் பாருங்க சார். என்ன தெரியுது?"

ஆறுச்சாமிக்குக் கூச்சம். "துளை இருக்குதுங்க."

"உங்க மூக்குல?"

அவர் கை தானாக மூக்கைத் தடவியது. அடுத்த நொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு நுண்ணோக்கிக்கு ஓடினார்.

முதலில் பெட்டியிலிருந்த பழைய ஈ ஒன்றை எடுத்தார். அதில் ஒரு முடி எப்போதோ உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் குட்டிக் குழி, நாற்றைப் பிடுங்கிய சேறுபோல. பிறகு தன் ஈக்களை ஒவ்வொன்றாக வைத்தார்.

"வழவழன்னு இருக்குதுங்க! குழியே இல்லீங்க! அஞ்சுக்கும் இல்லீங்க!"

கூச்சல் கேட்டு வித்யாதரன் டீயோடு வந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கையக் குடுங்க ஆறுச்சாமி. நாலாவதேதான்."

சற்று முன் சிரித்தவர்களே இப்போது கை தட்டினார்கள். யாரோ விசிலும் அடித்தார்கள். ஆறுச்சாமி வெட்கமில்லாமல் அழுதார். சந்தோஷம் தாங்கவில்லை.

"என் கையாலயே கெடுத்துட்டேன்னு நம்பிட்டேனுங்க மேடம். ஒரு ஜோடி குறைஞ்ச ஈதானேன்னு..."

தமயந்தி மூக்குத்தியைப் போட்டுத் திருகினார்.

"குறைஞ்சிருந்தாக் குழி இருந்திருக்கும் சார். இது முழுசு."