வண்டியேறிய ஊறுகாய் ஜாடி

முன்னொரு காலத்தில் மருதஞ்சேரிச் சீமையைக் கடம்பராயன் என்றொரு ராசா ஆண்டுகொண்டிருந்தான். எந்தக் காலம் என்று குடையாதீர்கள்; ஊறுகாய் இல்லாமல் தயிர்ச்சோறு தொண்டையில் இறங்காத காலம், அவ்வளவுதான். ராசா நல்லவன். ஆனால் கோபம் வந்துவிட்டால் வாயில் வந்ததெல்லாம் சட்டம். கோபம் தணிந்ததும் மனசுக்குள் கிடந்து வேகுவான். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கமட்டும் மாட்டான்.

அன்றைக்கு வந்த கோபம் மாவடுவால் வந்தது. ராணி அலர்மேலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஜாடி மாவடு வந்திருந்தது. அதில் இரண்டை எடுத்து ஆசையாக ராசாவின் இலையில் வைத்தாள். ராசாவுக்கோ உப்பு நார்த்தங்காய்தான் உயிர். அதுவும் காலமாகிவிட்ட தாயார் கைப்படப் போட்டு வைத்த கடைசி ஜாடி.

"என் அம்மா கைருசியை மறக்கடிக்கப் பார்க்கிறாயா?" என்று ராசா சீறினான்.

"என் அம்மா கைருசியையும் கொஞ்சம் பாருங்கள் என்றுதானே வைத்தேன்!" என்றாள் ராணி.

அதோடு விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். பக்கத்தில் நின்ற களஞ்சிய அதிகாரி ஏகாம்பரம் விடுவாரா? மந்திரி தெய்வநாயகத்தின் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். மந்திரியோ ராணியின் ஊர்க்காரர்.

"இன்றைக்கு இலையில் ஊறுகாயை மாற்றுவார்கள், நாளைக்கு அரண்மனையில் ஆளை மாற்றுவார்கள். எனக்கென்ன அரசே, மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்" என்று தூபம் போட்டார்.

ராசா சாப்பாட்டை விட்டு எழுந்தேவிட்டான். "இந்த வீட்டுக்கு வாழவந்தவர்கள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் எதுவும் இனி இங்கே இருக்கக் கூடாது! மந்திரியாரே, நாளை மதியச் சாப்பாட்டுக்குள் வண்டியேற்றும். ஒரு ஜாடி மிஞ்சினாலும் நீர் மந்திரி இல்லை!"

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணா, ஜாடி போகிற வண்டியில் எனக்கும் இடம் வையுங்கள்" என்றாள் மந்திரியிடம்.

தெய்வநாயகம் யோசித்தார். பதவி போனால் போகிறது. ஒரு மாவடுவுக்காக ஒரு குடித்தனம் பிரிவதா? ராசா முகத்தைப் பார்த்தார். 'யாராவது என்னைத் தடுங்களேன்' என்று அது கெஞ்சியது. ஏகாம்பரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தடுத்தால் ராசா இன்னும் முறுக்கிக்கொள்வான். 'தடுத்தால்தானே வம்பு? செய்துவிட்டால்?' என்று மந்திரிக்குத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம். வாசலில் கூண்டுவண்டி. உள்ளே ஜாடியைக் கட்டிக்கொண்டு ராணி. கூடத்தில் பந்தி. ராசா எதையும் சரியாகத் தொடவில்லை. தயிர்ச்சோறு வந்தது. ஓரத்தில் நாலு உப்புக்கல்லை வைத்துவிட்டுப் பரிமாறுகிறவர் நகர்ந்தார்.

"நார்த்தங்காய் எங்கே?"

"வண்டியில் ஏற்றியாயிற்று அரசே" என்றார் மந்திரி. குரல் நடுங்காமல் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"என்ன! என் அம்மாவின் ஜாடியையா?" ராசாவின் கை வாளுக்குப் போயிற்று.

ஏகாம்பரம் துள்ளி எழுந்தார். "அடப் பாவி மனுஷா! அது எப்பேர்ப்பட்ட ஜாடி தெரியுமா?"

"தெரியாதே. நான் பிற்பாடு வந்தவன். களஞ்சியமே உங்கள் கையில். நீங்கள் சொன்னால்தான் உண்டு" என்றார் மந்திரி, ஒன்றும் அறியாதவர்போல.

ஏகாம்பரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேளும்! பெரிய ராணியம்மா வருஷந்தவறாமல் பிறந்த வீட்டுக்குப் போவார்கள். அந்தத் தோட்டத்துக் காயைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பு அடைத்து, அங்கேயே வெயில் காட்டி, வண்டியில் கொண்டுவருவார்கள். இறக்கி வைத்தது இந்தக் கைதான்!"

"பிறந்த வீட்டிலிருந்தா?" என்றார் மந்திரி மெதுவாக. "அதற்கு முன்னால் இங்கே என்ன தொட்டுக்கொண்டார்கள்?"

"பாட்டியம்மா தன் ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சங்காய்."

"அதற்கும் முன்னால்?"

"ஊறுகாய் ஏது? வெறும் உப்புக்கல்தான்" என்று சொல்லிவிட்டு, ஏகாம்பரம் நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

"அரசே, பிறந்த வீட்டு ஊறுகாயெல்லாம் போக, இந்த வீட்டுக்குச் சொந்தமாக மிஞ்சியது உங்கள் இலையில் இருக்கிறது" என்றார் மந்திரி. பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "இன்னும் ஒன்றே ஒன்று. நார்த்தங்காய் முதன்முதலாக வந்தபோது பெரிய ராசா என்ன சொன்னார்?"

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னும் ரெண்டு சுருள் போடு என்று... கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

ராசா தலையைக் குனிந்துகொண்டான். கை வாளைவிட்டு இலைக்கு வந்தது. அப்பா கேட்டதை நினைத்தானோ, அம்மா அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்தானோ, கண் நிறைந்துவிட்டது.

ஏகாம்பரம் சமாளிக்கப் பார்த்தார். "உப்பும் அமிர்தந்தான் அரசே! எனக்கெல்லாம் இதுவே போதும்."

"போதுமா? பேஷ்! இனி அரண்மனைப் பந்தியில் உமக்கு அதுவேதான். மந்திரியாரே, நேற்று நான் சொன்னது சட்டமில்லை, உளறல். களஞ்சியச் சாவியையும் நீரே வைத்துக்கொள்ளும்" என்றான் ராசா. சொன்ன சொல்லை முதன்முதலாகத் திரும்ப வாங்கினான்!

இலையை அப்படியே இரு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஓட்டத்தில் தயிர் பட்டுவேட்டியெல்லாம் வழிந்தது. வண்டியின் பின்னால் மூச்சிரைக்க நின்றான்.

"அலர்மேல், வெறும் சோறு இறங்கவில்லை. ரெண்டு மாவடு போடேன்" என்றான்.

ராணி ஜாடியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தெய்வநாயகமும் பின்னாலேயே வாசற்படிவரை ஓடிவந்தார். ராசா பொறுக்கமாட்டாமல் தானே ஜாடிக்குக் கையை நீட்டினான்.

படீரென்று ஒரு அடி விழுந்தது கையில். "ஈரக் கையோடு ஜாடியைத் தொடுவார்களா? பூஞ்சை பிடித்துவிடாது? வருஷம் பூராவும் நாம் சாப்பிட வேண்டாமா?" என்றாள் ராணி.

'நாம்' என்ற அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும், "அப்பாடா!" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார் மந்திரி. அப்புறம் வண்டிக்காரனைக் கூப்பிட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொன்னார்.