கணவாய்க்கோட்டை சிரித்த நாள்

கொடுங்கோல் ராஜாவை விரட்டியடித்த புரட்சித் தளபதி வேங்கையப்பரைத் தங்கள் ஊருக்கு ஒருமுறை வந்துபோகும்படி கணவாய்க்கோட்டையின் எல்லை அதிகாரிகள் அழைத்தார்கள். அந்த ராஜாவுக்காக ஊரைச் சுரண்டி வரி வசூலித்த அதே புண்ணியவான்கள்தான். ராஜா போனதும் தலைப்பாகையின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

பெரிய அதிகாரி நல்லபெருமாள், தண்டோராக்காரன் சடையனைக் கூப்பிட்டார். "தளபதி வர்றப்போ ஊரே திரண்டு வந்து மனசாரச் சிரிக்கணும். ஒரு முகம் வாடியிருந்தாலும் உன் தோலை உரிச்சிடுவேன்."

"இந்த ஊர் சிரிச்சு வருஷக்கணக்காச்சே எசமான்! சரி, பார்க்கிறேன்" என்ற சடையன், தமுக்கை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனான்.

தளபதி வந்த அன்று கூட்டம் அலைமோதியது. குலவையென்ன, கும்மாளமென்ன, அதிகாரிகளுக்கும் சேர்த்து மாலையென்ன! நல்லபெருமாளுக்குப் புல்லரித்தது. "பார்த்தீர்களா தளபதி, எங்கள்மேல் எவ்வளவு பாசம்!"

விருந்து முடிந்து தளபதி குதிரையில் ஏறியதும் சிரிப்பு சட்டென்று நின்றது. தயிர்க்காரி ஒருத்தி முன்னால் வந்தாள். "ஐயா, இவங்களை இங்கேயே விட்டுட்டுப் போறீங்களே?"

தளபதி ஒன்றும் புரியாமல் விழித்தார். கூட்டம் மொத்தமும் சடையனைத் திரும்பிப் பார்த்தது.

"எசமான் ஊரைச் சிரிக்கவைக்கச் சொன்னாருங்க. தளபதி வந்து நம்ம அதிகாரிகளைக் கையோட கூட்டிட்டுப் போறாருன்னு தமுக்கடிச்சேன். வேற எந்தச் சேதிக்கும் இங்கே சிரிப்பு வராதுங்க."

தளபதி மீசையைத் தடவினார். "இத்தனை பேரை ஏமாற்றிவிட்டுப் போனால் நான் என்ன வீரன்? ஏற்றுங்கள் இவர்களை வண்டியில்."

வண்டி ஊரைத் தாண்டும்வரை ஆரவாரம் காதைப் பிளந்தது. நல்லபெருமாள், பழக்கதோஷம், கையசைத்துக்கொண்டே போனார்.