குடிக்காத தண்ணீர்

“மேடம், எனக்குப் பயமா இருக்கு” என்றார் பூங்கோதை.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் ஓட்டிவிட்டு, குழந்தைகள் சிறுநீரக மருத்துவம் படிக்க வந்தவர். ஆசிரியர் ரெஜினா அவரைவிட வயதில் சின்னவர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் இல்லாதவர்.

“யாரை நினைச்சு?”

“சஹானாவைத்தான். மறுபடியும் குளிர் காய்ச்சல், மறுபடியும் சிறுநீர்ல கிருமி. மருந்து கொடுத்தா போயிடுது. வீட்டுக்கு அனுப்பினா திரும்ப வந்துடுது. பிறவிக் கோளாறு எதுவும் இல்ல. ஆனா இந்தத் தடவை ஸ்கேன்ல கிட்னியில தழும்பு தெரியுது. இன்னும் விழுந்தா...”

தழும்பு விழுந்த இடம் திரும்ப வேலை செய்யாது என்று அவருக்குத் தெரியும்.

“அடுத்து எந்த மருந்து மேடம்?”

ரெஜினா எழுந்து வார்டுக்கு நடந்தார்.

சஹானா மூன்றாம் வகுப்பு. கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். அம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

“மே மாசம் முழுக்க நல்லாத்தான் இருந்தா டாக்டர். ஸ்கூல் திறந்ததும் ஆரம்பிச்சுடுச்சு. கொடுத்துவிடுற தண்ணி அப்படியே திரும்பி வருது. எவ்வளவு திட்டினாலும் குடிக்க மாட்டேங்குறா. கிட்னி போயிடுமா டாக்டர்?”

“தண்ணி குடிக்கணும் பாப்பா, இல்லன்னா ஊசிதான்” என்று பூங்கோதை மிரட்டினார். எல்லா டாக்டர்களும் மிரட்டுவதுதான்.

பாட்டிலைப் பார்த்துக் குழந்தை இன்னும் சுருண்டாள்.

ரெஜினா அந்தப் பாட்டிலை எடுத்துப் பூங்கோதையிடம் நீட்டினார்.

“நீங்க குடிங்க. முழுசா.”

குடித்தார். இன்னொரு பாட்டிலும் வந்தது. ரவுண்ட்ஸ் நடுவே ரெஜினா கொஞ்ச நேரம் காணாமல் போனார். எல்லாம் முடிந்து அறைக்குத் திரும்ப மதியமானது. சிறுநீர் முட்டி, பூங்கோதையால் நிற்க முடியவில்லை.

“போயிட்டு வாங்க. வார்டு கோடியில இருக்கே, அந்தக் கழிப்பறைக்கு.”

போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“போனீங்களா?”

“இல்ல மேடம்.”

“ஏன்?”

“கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. வெளியில ஆம்பளைங்க நடமாடுறாங்க. பரவாயில்ல, வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கிறேன். இனிமே தண்ணி குடிக்காம இருந்தா...”

பேச்சு பாதியில் நின்றது. தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கினால் கிருமி பெருகும் என்பது அவர் படித்ததுதான்.

ரெஜினா கோட்டுப் பையிலிருந்து, கழற்றி வைத்திருந்த தாழ்ப்பாளை எடுத்து மேசையில் வைத்தார். கூடவே திருகாணிகள்.

தன் அவசரத்தையும் மறந்து பூங்கோதை வார்டுக்கு ஓடினார். கட்டிலருகே மண்டியிட்டார்.

“சஹானா, உங்க ஸ்கூல் கழிப்பறையில கதவு...”

குழந்தை பயத்தோடு அம்மாவைப் பார்த்தாள். பிறகு கதவைப் பிடிப்பதுபோல் ஒரு கையை முன்னால் நீட்டிக் காட்டினாள்.

“தாழ்ப்பாள் இல்ல, பசங்க தள்ளுவாங்க டாக்டர். உக்காந்தா கதவு எனக்கு எட்டாது.”