ஒரு குடம் ஒரு தம்ளர் ஆன கதை

ஏரிக்கரையில் ஒட்டாத தோசைக்கல் செய்யும் ஆலை ஒன்று இருந்ததாம். அதன் கழிவு மீனில் சேருகிறது, அந்த மீனைத்தான் பிள்ளைகள் தின்கிறார்கள் என்று மீன்காரி அமலோற்பவம் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து தாசில்தாரிடம் முறையிட்டாள்.

“இத்தாம்பெரிய ஏரியில எங்க ஆலையோட துளி ரசாயன மருந்து என்னம்மா பண்ணும்? எங்கே, நிரூபி பார்ப்போம்!” என்று சிரித்தார் அங்கே வந்திருந்த ஆலை முதலாளி.

அவள் ஒரு குடம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பைக் கரைத்து, முதலாளிக்குக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்தாள்.

“கரிக்கவே இல்லையே!” என்றார்.

அதை அண்டாவில் ஊற்றி, ஒரு தம்ளர் ஆகும்வரை வற்றவைத்தாள். “அதே உப்புதான் ஐயா, குடிங்க.”

வாயில் வைத்தவர் தூவென்று துப்பினார்.

“ஏரி விராலும் இப்படித்தான். தண்ணி போயிடும், மருந்து உடம்புலயே தங்கிடும்.”

“வாயெல்லாம் கரிக்குது, தண்ணி குடு!”

“ஏரித் தண்ணி தரட்டுங்களா?”

“ஐயோ, அது மட்டும் வேண்டாம்!”

தாசில்தார் பேனாவைத் திறந்தார். மறுநாள் ஆலையின் கழிவுக் குழாய்க்குப் பூட்டு விழுந்தது.